கியரா, எண்ணெயா? தோட்ட டிராக்டரில் தீராத வழக்கு

பனி விலகி ஏப்ரல் பிறந்ததும் அமெரிக்காவின் ஒஹாயோ, இண்டியானா, விஸ்கான்சின் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு வாராந்திர வேலை தொடங்கிவிடுகிறது. வீட்டைச் சுற்றி அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ புல்தரை; அக்டோபர் வரை அதை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் சருகு அள்ளுவது, அதன் பின் வாசல் பாதையில் குவியும் பனியைத் தள்ளுவது. இத்தனைக்கும் அவர்கள் நம்பியிருப்பது உட்கார்ந்து ஓட்டும் ஒரு சின்ன டிராக்டரை. சுமார் 300 கிலோ எடை, 12 முதல் 25 ஹெச்.பி. வரை இன்ஜின், வயிற்றுக்கு அடியில் சுழலும் பிளேடுகள். ஒரே பெயின்ட், ஒரே இன்ஜின், ஒரே வெட்டு அகலம் என்று இரண்டு வண்டிகளை அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் கால் வைக்கும் இடத்தில்தான் தெரியும். ஒன்றில் இடது காலுக்குக் கிளட்ச், கைக்குக் கியர் கம்பி. மற்றதில் இரண்டும் கிடையாது. வலது காலுக்கு முன்னே போக ஒரு பெடல், பின்னே வர ஒரு பெடல். முதலாவது கியர் வண்டி. இரண்டாவது ஹைட்ரோஸ்டாட்டிக், பேச்சு வழக்கில் ஹைட்ரோ. எதை வாங்குவது என்ற வாக்குவாதத்துக்கு அறுபது வயதாகிறது. அட்லாண்டா, டாலஸ் புறநகர்களில் வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர்களும் புல் வளரத் தொடங்கியதும் இதில் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள்.

கியர் கட்சியின் வாதம் சுருக்கமானது. இரும்புப் பல் இரும்புப் பல்லைத் தள்ளுகிறது. நடுவில் வீணாவது குறைவு, கெடுவதற்கும் அதிகம் இல்லை, அப்பா வாங்கிய வண்டியை மகன் இன்னும் ஓட்டுகிறான். ஹைட்ரோ கட்சியின் வாதம் அதைவிடச் சுருக்கம்: ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் வண்டியைப் பார்த்துப் பேசும் அளவுக்கு வேலையைப் பார்த்துப் பேசுவதில்லை. வீட்டு மனையில் நடக்கும் வேலையில் பாதி, திரும்புவதும் நிற்பதும் பின்னால் வருவதும்தான். அந்த வேலைக்கு ஹைட்ரோவே பொருத்தம் என்பது என் முடிவு. கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. ஹைட்ரோ தன் வசதிக்கான விலையை வெப்பமாகக் கட்டுகிறது. அந்த வெப்பத்தைத் தாங்க எண்ணெயும் இரும்பும் போதாத சின்ன ஹைட்ரோவை மேடுபள்ளமான மனைக்கு வாங்குகிறவர், நாலைந்து வருடத்தில் கியர் கட்சிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறார்.

முதலில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கியர் வண்டியில் இன்ஜினின் சுழற்சி பெல்ட் வழியாகவோ ஷாஃப்ட் வழியாகவோ கியர்பாக்ஸுக்குப் போகிறது. அங்கே எந்தப் பல்சக்கர ஜோடியைச் சேர்த்திருக்கிறோமோ அந்த வேகம்தான். காரில் போல ஓடிக்கொண்டே கியர் மாற்றுவது பெரும்பாலான தோட்ட டிராக்டர்களில் நடக்காது. கிளட்சை மிதித்து, வண்டியை நிறுத்தி, கம்பியை நகர்த்தி, மறுபடி கிளம்ப வேண்டும். ஹைட்ரோவில் இன்ஜின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. அந்தப் பம்புக்குள் ஒரு உருளை. அதில் வட்டமாகத் துளையிட்டு விரல் பருமனில் சின்னச் சின்ன பிஸ்டன்கள். பிஸ்டன்களின் தலை ஒரு தட்டில் உரசிக்கொண்டு சுற்றும். தட்டு நேராக நிற்கும்போது பிஸ்டன்கள் சுற்றுமே ஒழிய உள்ளே வெளியே போகாது; எண்ணெய் அசையாது, வண்டியும் அசையாது. பெடலை மிதித்தால் தட்டு சாய்கிறது. சாய்ந்த தட்டின் மேல் சுற்றும் பிஸ்டன் ஒரு பக்கம் எண்ணெயை உறிஞ்சி மறுபக்கம் தள்ளுகிறது. சாய்வு கூடினால் எண்ணெய் கூடும், வேகம் கூடும். தட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தால் எண்ணெய் எதிர்த்திசையில் ஓடும், வண்டி பின்னால் வரும். மறுமுனையில் இதே அமைப்பைத் திருப்பிப் போட்டதுபோன்ற ஒரு மோட்டார் அந்த எண்ணெய் ஓட்டத்தை மறுபடி சுழற்சியாக்குகிறது. அதற்கு அப்புறம் சக்கரம் வரை இருப்பது கியர்களும் டிஃப்ரன்ஷியலும்தான். ஆகவே ஹைட்ரோ வண்டியில் கியரே கிடையாது என்று சொல்வது சரியில்லை. வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மட்டும் பல்சக்கரத்திடமிருந்து எண்ணெய்க்குக் கைமாறியிருக்கிறது.

இந்த ஏற்பாடு புல் வெட்டுவதற்காகப் பிறந்ததும் இல்லை. 1906ஐ ஒட்டி அமெரிக்கக் கடற்படையின் வர்ஜீனியா போர்க்கப்பலில் பீரங்கிகளை ஏற்றி இறக்க வில்லியம்ஸ், ஜேனி என்ற இரு பொறியாளர்களின் பிஸ்டன் பம்ப் ஏற்பாடு பயன்பட்டது. கனமான பீரங்கியை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, நினைத்த இடத்தில் நிறுத்தி, உடனே எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். பல்சக்கரத்தால் அது சுலபமில்லை. பின்னாளில் இல்லினாய் மாநிலம் ராக்ஃபோர்டின் சண்ட்ஸ்ட்ராண்ட் கம்பெனி, விமான இன்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் ஜெனரேட்டர் ஒரே வேகத்தில் சுழல வேண்டும் என்ற தேவைக்காக இந்த நுட்பத்தில் கைதேர்ந்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961இல் கப் கேடட் என்ற தோட்ட டிராக்டரைக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது கியர்தான். 1965இல் அதே வரிசையில் வந்த 123 என்ற மாடலில் சண்ட்ஸ்ட்ராண்டின் ஹைட்ரோ ஏறியது. 1968இல் ஜான் டீரின் 140 வந்தது. வீல் ஹார்ஸ், போலன்ஸ் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் இதே பத்தாண்டில் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். ஆனால் கியரை யாரும் உடனே கைவிடவில்லை. வீல் ஹார்ஸின் பிரபலமான '8 ஸ்பீடு' பெட்டி பல்லாண்டு ஓடியது. (அந்த எட்டில் முன்னே போக ஆறு, பின்னே வர இரண்டு, விற்பவர்கள் ரிவர்ஸையும் சேர்த்து எண்ணிக்கொண்டார்கள்.)

இனி மனைக்கு வருவோம். ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். சதுரமாக எடுத்துக்கொண்டால் பக்கத்துக்கு 64 மீட்டர். 42 அங்குல வெட்டு அகலம் உள்ள வண்டி, ஒரு வரிசை மேல் அடுத்த வரிசை கொஞ்சம் ஏறும்படி ஓட்டினால், ஒரு தடவைக்கு ஒரு மீட்டர் வெட்டும். அப்படியானால் 64 வரிசை, 63 திருப்பம், நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டம். மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் நாற்பது நிமிட வேலை. இது மரமே இல்லாத மைதானக் கணக்கு. உண்மையான மனையில் மேப்பிள் மரங்கள், பூப்பாத்திகள், குழந்தைகளின் ஊஞ்சல், தபால் பெட்டிக் கம்பம், வேலி மூலைகள் இருக்கும். அப்படி இருபது இடங்களில் ஒரு தடவை பின்னால் வந்து திரும்ப வேண்டியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திசை மாற்றம், ஆக நாற்பது. கியர் வண்டியில் ஒவ்வொரு மாற்றமும் கிளட்ச், நிறுத்தம், கம்பி, மறுபடி கிளட்ச். நெடுஞ்சாலையில் கியர் யாருக்கும் பாரமில்லை. அதன் பாரம் டவுன் பஸ் ஓட்டுநரின் இடது காலுக்குத்தான் தெரியும். ஹைட்ரோவில் இந்த நாற்பதும் பாதத்தை ஒரு பெடலிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவதோடு முடிந்துபோகிறது.

வசதி என்ற சொல்லைக் கேட்டதும் கியர்க்காரர்கள் புன்னகைப்பார்கள். கால் வலிக்கிறது என்றால் காலைப் பழக்கு என்பார்கள். கால் வலியை விடுங்கள், வெட்டின் தரத்தையே இது தொடுகிறது. பிளேடு ஒழுங்காக வெட்ட வேண்டுமானால் இன்ஜின் முழு வேகத்தில் ஓட வேண்டும். அப்போதுதான் பிளேடின் முனை புல்லைச் சீவும். வேகம் குறைந்தால் கிழிக்கும், கிழிந்த நுனி இரண்டு நாளில் பழுப்பாகும். மழைக்குப் பின் அடர்ந்து வளர்ந்த பகுதி வரும்போது செய்ய வேண்டியது, பிளேடின் வேகத்தைக் குறைக்காமல் வண்டியின் வேகத்தை மட்டும் குறைப்பது. ஹைட்ரோக்காரர் பாதத்தைச் சற்றுத் தளர்த்தினால் போதும். கியர்க்காரர் நியாயப்படி நின்று கியர் குறைக்க வேண்டும். நடைமுறையில் யார் அதைச் செய்கிறார்கள்? கைக்கு அருகில் இருக்கும் த்ராட்டிலை இழுத்துக் குறைத்துவிடுகிறார்கள். வண்டியோடு பிளேடும் மெதுவாகிறது. இல்லாவிட்டால் கிளட்சைப் பாதி மிதித்து பெல்ட்டை வழுக்க விட்டு ஓட்டுகிறார்கள்; பெல்ட் கருகும் வாடை வருகிறது. நிலத்தில் ஓடும் வேகமும் கருவி சுழலும் வேகமும் ஒன்றையொன்று சாராமல் இருப்பதுதான் ஹைட்ரோவின் உண்மையான தகுதி.

பனிக்காலத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். டிராக்டரின் முன்னால் பனி வாரி வீசும் கருவியை மாட்டினால் அதன் திருகுகள் முழு வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும்; வண்டி மட்டும், முன்னால் இருக்கும் பனியின் ஆழத்துக்கு ஏற்ப, ஊர்ந்தோ நடந்தோ போக வேண்டும். தெருவில் அரசாங்க வண்டி ஒதுக்கிவிட்டுப் போன இறுகிய பனிமேடு வாசல் முனையில் இருக்கும். அங்கே ஒரு சாண் போவதற்கு ஒரு நிமிடம் ஆகலாம். முதல் கியரே அதற்கு அதிக வேகம். பழைய கியர் டிராக்டர்களுக்கு இதற்கென்றே ஊர்ந்து செல்லும் கூடுதல் கியர் தொகுதியைத் தனியாக வாங்கிப் பொருத்தினார்கள். மண் கிளறும் ரோட்டரி கருவிக்கும் இதே கதைதான். பலகை மாட்டிப் பனி தள்ளுவதென்றால் முன்னே, பின்னே, முன்னே, பின்னே என்று அது முழுக்கத் திசை மாற்றம்.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதம்: சக்தி இழப்பு. பல்சக்கரமும் பெல்ட்டும் சேர்ந்து நூற்றுக்குப் பத்தைத் தின்றால், ஹைட்ரோ இருபது முப்பதைத் தின்னும். இதை மறுப்பதற்கில்லை. பிஸ்டனுக்கும் துளைக்கும் நடுவே இருப்பது மைக்ரான் கணக்கில் ஒரு இடைவெளி. அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் அதன் வழியே கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவுதான் உராய்வுக்கு மசகும். அதை ஈடுகட்ட ஒரு சின்ன பம்ப் தனியாக ஓடுகிறது. ஆனால், நடுவாக இருபத்தைந்து என்று வைத்துக்கொண்டால், எதில் இருபத்தைந்து சதவீதம் என்று கேட்க வேண்டும். பிளேடுக்குப் போகும் சக்தி இந்தப் பெட்டி வழியாகப் போவதே இல்லை. இன்ஜினிலிருந்து நேராக ஒரு பெல்ட்டில் இறங்குகிறது. இழப்பு எல்லாம் வண்டியை நகர்த்தும் சக்தியில் மட்டும்தான். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வண்டியும் ஆளும் சேர்ந்து 390 கிலோ. புல்தரையில் உருளும் எதிர்ப்பை எடையில் நூற்றுக்கு எட்டு என்று வைத்துக்கொண்டால், சமதளத்தில் 6 கி.மீ. வேகத்துக்குச் சக்கரத்தில் தேவை சுமார் அரை கிலோவாட்; முக்கால் ஹெச்.பி.கூட இல்லை. ஹைட்ரோ இதில் 0.17 கிலோவாட்டை வீணடிக்கும், கியர் 0.06. வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது சொச்சம் மில்லிலிட்டர் பெட்ரோல். பெட்டி சும்மா சுழல்வதால் ஆகும் இழப்பையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டாலும் ஒரு டம்ளர் அளவைத் தாண்டாது. 20 ஹெச்.பி. இன்ஜின் உள்ள வண்டியில் இதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

அதே கணக்கை 10 டிகிரி சரிவில் ஏறும்போது போட்டால் காட்சி மாறுகிறது. தேவை 1.6 கிலோவாட்டாக, அதாவது மூன்று மடங்குக்கு மேலாக உயர்கிறது. ஹைட்ரோவின் இழப்பு அரை கிலோவாட்டைத் தாண்டுகிறது. பெட்ரோல் கணக்கில் இப்போதும் அது அற்பம்தான். ஆனால் இழந்த சக்தி எங்கே போகிறது? முழுவதும் வெப்பமாக அந்தச் சின்ன அலுமினியப் பெட்டிக்குள், அந்த எண்ணெயில் இறங்குகிறது. எண்ணெய் சூடாகும்போது இளகுகிறது. இளகிய எண்ணெய் பிஸ்டன் இடைவெளியில் இன்னும் அதிகமாகக் கசிகிறது. கசிவு கூடினால் இழப்பு கூடுகிறது. இழப்பு கூடினால் சூடு கூடுகிறது. காலையில் வண்டி எடுத்ததும் மேட்டில் ஜோராக ஏறும், அரை மணி நேரத்தில் அதே மேட்டில் முனகும், மிதித்தாலும் நகராது, மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஏறும் என்று ஹைட்ரோ சொந்தக்காரர்கள் புலம்பும் நோய் இதுதான். இளகிய எண்ணெயில் மசகும் குறைவதால் பிஸ்டனும் தட்டும் தேய்கின்றன. ஒரு தடவை தேய்ந்த இடைவெளி தானாகக் குறையாது.

எனவே ஹைட்ரோவை எடை போட ஒரு எளிய கேள்வி போதும்: உள்ளே எவ்வளவு எண்ணெய்? அறுபது, எழுபதுகளின் கப் கேடட் ஹைட்ரோவில் பின்புற வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் ஏழு குவார்ட், ஆறரை லிட்டருக்கு மேல் எண்ணெய் ஊற்றினார்கள்; மாற்றக்கூடிய ஃபில்டர் இருந்தது. அந்தக் கூடே வெப்பத்தை வாங்கி வெளியே விடும். இன்று பல பிராண்டுகளின் எளிய புல்தரை டிராக்டர்களில் பொருத்தப்படும், டஃப் டார்க் கம்பெனியின் கே-46 பெட்டியில் இருப்பது ஏறக்குறைய இரண்டு லிட்டர்தான். ஃபில்டரை வெளியிலிருந்து மாற்ற வழியில்லை. எண்ணெயை வடிக்க வேண்டுமானால் பெட்டியை வண்டியிலிருந்து கழற்றித் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். பராமரிப்புத் தேவையில்லாதது என்று விளம்பரத்தில் சொல்வது இதைத்தான். பராமரிக்க வழியில்லாதது என்றும் அதைப் படிக்கலாம். இதில் தயாரிப்பாளர் மேல் பழி போட முடியாது. சமதளத்தில் புல் வெட்டும் வண்டிக்கு என்றே அது வடிவமைக்கப்பட்டது. மண்ணைக் கீறும் வேலைக்கு கே-66 போன்ற பெரிய பெட்டிகளை அதே கம்பெனி தனியாகச் செய்கிறது. சின்னப் பெட்டியுள்ள வண்டியை மேட்டு மனைக்காரருக்கு விற்றவரிடமும், விவரம் கேட்காமல் வாங்கியவரிடமும்தான் தவறு. பெட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் விசிறி இருக்கும், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அரை கிலோவாட் சூட்டை வெளியேற்றும் பொறுப்பு அதனுடையது. வெட்டிய புல்துகள் அதன் அடியில் படிந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து, அலுமினிய விலாக்களுக்கு நடுவே மெத்தையாகிவிடும். சீட்டுக்கு அடியில் கையை விட்டு அந்த மெத்தையைப் பிய்த்துப் போடுவதுதான், மூடிய பெட்டிக்குச் சொந்தக்காரர் தவறாமல் செய்யக்கூடிய ஒரே வைத்தியம். இரண்டு இறக்கை உடைந்த விசிறியை மாற்ற ஆகும் செலவு ஒரு வேளை சாப்பாட்டுச் செலவு; மாற்றாமல் விட்டால் முழுப் பெட்டியும் போகும், அதன் விலை டிராக்டர் விலையில் கணிசமான பங்கு.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் கியரே மேல் என்று யாராவது சொன்னால், எந்தக் கியர் என்று திருப்பிக் கேட்க வேண்டும். கியர் நீடித்து உழைக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது எப்போதும் 1970ஐ ஒட்டிய வீல் ஹார்ஸ், கப் கேடட், கிரேவ்லி வண்டிகள்தாம். அவற்றின் பெட்டி வார்ப்பிரும்பு, பல்சக்கரம் தடிமன், எண்ணெயை வடித்து ஊற்றத் திருகு உண்டு. ஆனால் அதே காலத்து ஹைட்ரோக்களும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. கலப்பை கட்டி உழும் சந்திப்புகளுக்குப் பழைய டிராக்டர் பிரியர்கள் இரண்டையும்தான் கொண்டுவருகிறார்கள். நீடித்தது கியர் என்பதைவிட இரும்பு என்று சொல்வதே பொருந்தும். பின்னாளில் விலை மலிந்த வண்டிகளில் வந்த கியர் பெட்டிகள் பல, மெல்லிய அலுமினியக் கூட்டில் கிரீஸை அடைத்து மூடியவை. அந்த கிரீஸ் காலப்போக்கில் ஓரங்களில் ஒதுங்கி உலர்ந்துபோகும், பல்சக்கரம் வெறும் இரும்பாகச் சுழலும். மலிவான ஹைட்ரோவுக்கு மாற்று என்று மலிவான கியரைச் சொன்னால், ஒரு மூடிய பெட்டியை விட்டு இன்னொரு மூடிய பெட்டிக்குப் போவதாகத்தான் முடியும். நியாயமான ஒப்பீடு ஒரே விலையில், ஒரே காலத்து வண்டிகளுக்குள் நடக்க வேண்டும்.

கியர் உண்மையிலேயே வெல்லும் இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தயங்காமல் கொடுத்துவிடுகிறேன். இழுப்பு வேலை. பத்து அங்குலக் கலப்பையை மாட்டி ஒரு ஏக்கர் காய்கறித் தோட்டத்தை உழுவதானால், மெதுவான வேகத்தில், முழு இழுவிசையில், மணிக்கணக்காக, ஒரே திசையில் போக வேண்டும். அழுத்தம் உச்சத்தில் நிற்கும். கசிவும் உச்சத்தில் நிற்கும். ஹைட்ரோவின் நன்மைகள் எதுவும் அங்கே பயன்படாது, தீமைகள் அத்தனையும் பயன்படும். விறகுக் கட்டைகளை நெடுந்தூரம் இழுப்பதும் இதே ரகம். பெரிய டிராக்டர்களின் கதையும் இதையே சொல்கிறது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1967இல் 656 ஹைட்ரோ என்ற பண்ணை டிராக்டரை இறக்கியது. வைக்கோல் கட்டும் வேலைக்கும், முன்னால் வாளி மாட்டி எருவை வாரிப் போடும் வேலைக்கும் விவசாயிகள் அதை விரும்பினார்கள். உழவுக்குக் கியரையே வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அறுவடை இயந்திரங்களிலும் கட்டுமான இடத்துச் சின்ன லோடர்களிலும் ஹைட்ரோவுக்கு நிரந்தர இடம் உண்டு. பெரும் உழவு டிராக்டர்களில் அது தனியாக நிற்கவில்லை. 1995இல் ஜெர்மனியின் ஃபென்ட் கம்பெனி வேரியோ என்ற பெயரில் கொண்டுவந்த பெட்டி, சக்தியின் ஒரு பகுதியை எண்ணெய் வழியாகவும் மறு பகுதியைப் பல்சக்கரம் வழியாகவும் அனுப்பி இரண்டையும் சேர்த்துக்கொண்டது. வேலை எதுவோ அதற்கேற்ற பெட்டி என்று விவசாயிகள் எப்போதோ பிரித்துக்கொண்டுவிட்டார்கள். ஆண்டில் ஒரு நாள் உழுது, முப்பது நாள் புல் வெட்டும் வீட்டுக்காரர் அந்த ஒரு நாளை வைத்து வண்டி வாங்குவதுதான் வேடிக்கை.

சரிவில் பாதுகாப்பு என்று இன்னொரு ஆட்சேபம் வரும். கியரில் போட்டால் வண்டி கட்டுக்குள் நிற்கும், எண்ணெயை நம்ப முடியாது என்பது அது. பாதி சரி. கியரில் கோத்திருக்கும் வரை இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வேகம் அதிகமென்று பயந்து ஓட்டுபவர் கிளட்சைப் பாதி மிதித்தால் அந்தப் பிடி அந்த நொடியே அறுந்து, வண்டி தன் எடையில் உருளத் தொடங்கும். பெடலை இறுதிவரை மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். பதற்றத்தில் மனிதக் கால் சரியாகச் செய்யாத வேலை அது. ஹைட்ரோவில் பதறிப்போய்க் காலை எடுத்தாலே தட்டு நேராகி எண்ணெய் தேங்கி வண்டி நின்றுவிடும். அதற்காக ஹைட்ரோ குறையில்லாதது என்று சொல்ல வரவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டால் எண்ணெய் மெல்லக் கசிந்து வண்டி நகரும்; கைப்பிரேக் போட்டே ஆக வேண்டும். வண்டியைக் கையால் தள்ளுவதற்காகப் பின்னால் இருக்கும் விடுவிப்புக் கம்பியைச் சரிவில் இழுத்தால் வண்டியைப் பிடிக்க எதுவுமே இல்லை. எந்தப் பெட்டியாக இருந்தாலும் 15 டிகிரிக்கு மேல் ஓட்டாதே, சரிவுக்குக் குறுக்கே போகாமல் மேலும் கீழுமாகப் போ என்று கையேடுகள் அச்சடித்திருப்பதை மதிப்பது இரண்டு கட்சிக்கும் நல்லது.

விலை வாதத்தைக் காலமே பலவீனமாக்கிவிட்டது. அறுபதுகளில் ஹைட்ரோ கூடுதல் காசுக்குக் கிடைத்த சொகுசு. இன்று அமெரிக்கக் கடைகளில் கியர் வண்டி விலைப்பட்டியலின் அடியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கேயும் பாதி இடத்தைக் கப்பி அகலம் மாறி வேகம் மாறும் பெல்ட் ஏற்பாடு பிடித்துக்கொண்டது. நின்ற இடத்தில் சுழலும் புல்வெட்டிகளோ இரண்டு ஹைட்ரோக்களைச் சக்கரத்துக்கு ஒன்றாகப் பொருத்தியவை. அவற்றில் கியர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே புதிதாக வாங்குகிறவருக்கு உண்மையான தேர்வு ஹைட்ரோவுக்குள்தான்: சின்னப் பெட்டியா, பெரிய பெட்டியா. விற்பவர்கள் இன்ஜினின் ஹெச்.பி.யையும் கோப்பை வைக்கும் இடத்தையும் சொல்வார்கள், பெட்டியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டும். சமதளமான அரை ஏக்கருக்கு இரண்டு லிட்டர் பெட்டி பல வருடம் வரும். மேடு இருந்தால், வண்டி இழுத்துச் செல்லும் வேலை இருந்தால், பனிக்கருவி மாட்டும் எண்ணம் இருந்தால், எண்ணெய் மாற்ற வழியுள்ள, மண்வேலைக்கென்று தரம் குறித்த பெட்டி வேண்டும். பணம் போதாவிட்டால் இன்ஜினில் நாலைந்து ஹெச்.பி.யைக் குறைத்துக்கொண்டு பெட்டியில் செலவழிக்கலாம். பயன்படுத்திய பழைய இரும்பு வண்டியைத் தேடிப்போவதும் ஒரு வழி.

அப்படித் தேடிப்போகிறவர் இரண்டு பெட்டிகளையும் ஒரே மாதிரி சோதிக்கக் கூடாது. கியர் வண்டியை ஒவ்வொரு கியரிலும் போட்டு, பாரத்தோடு மேட்டில் ஏற்றி, கம்பி தானாகத் துள்ளி வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் பல் முனை தேய்ந்துவிட்டது என்று பொருள். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியில் பால் நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஹைட்ரோவைப் பொறுத்தவரை ஆறிய நிலையில் ஓட்டிக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. போனதும் சீட்டுக்கு அடியில் கையை விட்டு பெட்டியைத் தொட்டுப் பார்க்கவும்; விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கியிருந்தால் நல்லது, குளிர்ந்திருந்தால் அரை மணி நேரம் புல் வெட்டச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். அதற்கப்புறம் இருப்பதிலேயே செங்குத்தான இடத்தில் ஏற்றி, பாதியில் நிறுத்தி, மறுபடி கிளம்பச் சொல்லவும். முனகாமல் கிளம்பினால் பேரம் பேசலாம். அரை மணி நேரமெல்லாம் முடியாது, பக்கத்தில் இன்னொருவர் வாங்கக் காத்திருக்கிறார் என்று விற்பவர் சொன்னால், அந்த இன்னொருவரே வாங்கிக்கொள்ளட்டும்.